நேர்ந்த சேவலின் வால்

"சேவலுக்கு இறகு கொட்டுது சாமி," என்றார் சங்கையா. "அம்மன் என்னைக் கைவிட்டுட்டா."

மடைச்சாமி கோழிகளுக்குக் கம்பு அள்ளிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்தச் சேவல்?"

"நேர்ந்துவிட்ட சேவல்."

"எங்கே கொட்டுது?"

"வீட்லதான். பஞ்சாரத்துக்குள்ள."

"அதைக் கேட்கலண்ணே. உடம்புல எங்கே?"

சங்கையா யோசித்தார். கழுத்தா, முதுகா, வாலா என்று மனதுக்குள் தேடினார். எதுவும் வரவில்லை.

"கொட்டுது சாமி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மடைச்சாமி மிச்சக் கம்பை அவர் கையில் கொடுத்தார்.

"போடுங்க," என்றார்.

மடைச்சாமிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எங்கிருந்தோ வந்த பெண் சாமியார். கண்மாய் மடையை ஒட்டி ஆளில்லாமல் கிடந்த கொட்டகையில் தங்கினார். ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. வேறு பெயர் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சங்கையா செங்கல் சூளையில் வேலை பார்த்து முடித்தவர். மடைச்சாமிக்கு அப்பா வயது. ஆனாலும் நின்றுகொண்டுதான் பேசுவார். மடைச்சாமி அவரை அண்ணே என்று கூப்பிடுவார். இருவருக்கும் அது உறுத்தியதில்லை.

அவருடைய ஒரே மகள் அன்னமயில் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. அம்மா இல்லாத வீடு. இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. இந்தத் தடவை வயிறு நிறைந்திருந்தது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ஒரு செஞ்சேவலைக் கோயிலில் விடுவதாக எல்லைக்காளிக்கு நேர்ந்திருந்தார் சங்கையா.

நேர்ந்த சேவலில் குறை இருக்கக் கூடாது. குறை வந்தால் அம்மன் வேண்டாம் என்கிறாள் என்று அர்த்தம். அந்த ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அதனால் சேவலை வெளியே விடுவதில்லை. நாய் கவ்வும். கீரி பிடிக்கும். வேற்றுச் சேவல் கொத்தும். மூங்கில் பஞ்சாரக் கூடையை அதன்மேல் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல்லை வைத்திருந்தார்.

இவ்வளவு செய்தும் இறகு கொட்டியது.

சங்கையா கம்பைத் தூவினார். கோழிகள் ஓடி வந்தன.

"மயிலு எப்படி இருக்கு?" என்றார் மடைச்சாமி.

"வீட்டுக்குள்ளதான். வாசப்படி தாண்ட விடல."

"நல்லா இருக்காளான்னு கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கும் சாமி. கட்டில்லதான் இருக்கு. தண்ணி எடுக்கிறது, பெருக்குறது எல்லாம் நான்தான். நர்சம்மா வந்து நடக்கணும், நடக்கணும்னு சொல்லிட்டுப் போகுது. அதுக்கென்ன. அது சொல்லிட்டுப் போயிடும்."



ஒரு வெள்ளைப் பெட்டை அவர்கள் காலடிக்கு வந்தது. அதன் முதுகில் உள்ளங்கை அளவுக்குத் தோல் தெரிந்தது.

"இதுக்கு முதுகுல இறகு இல்லை," என்றார் மடைச்சாமி.

"ஆமா."

"எல்லைக்காளிக்கு இது மேல என்ன கோபம்?"

சங்கையா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"அது காளி இல்ல சாமி. அது வந்து... சேவல்."

"சேவல் என்ன செஞ்சுது?"

"சேவல் என்ன செய்யும். மேல ஏறும். நகம் படும். இங்க இருக்கிற சேவலுக்கு இவ மேலதான் கண்ணு போல. உங்ககிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது."

"சொல்லிட்டீங்களே."

கொட்டகையின் மூலையில் ஓர் ஓட்டைக் கூடை இருந்தது. அதற்குள் ஒரு கறுப்புக் கோழி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மடைச்சாமி அதன் அடியில் கைவிட்டுத் தூக்கினார். அது கொக்கரித்துக் கையைக் கொத்தியது. நெஞ்சு முழுக்க மொட்டை.

"இது?"

"அடைக்கு உட்கார்ந்திருக்கு. விடுங்க, முட்டை ஆறிடும். அதுவே பிடுங்கிக்கும் சாமி. உடம்புச் சூடு முட்டைல நேரா படணும்ல."

"அதுவே பிடுங்கிக்குமா?"

"தாய்க்கோழில்ல."

மடைச்சாமி கோழியை மெதுவாக இறக்கிவைத்தார். அது முட்டைகளை அலகால் புரட்டி, மறுபடி உப்பிக்கொண்டது.

"வால்கிட்ட ரத்தம் கட்டியிருக்கே, அந்தப் புள்ளிக்கோழி?"

"அது புதுசு. போன வாரம் யாரோ கொண்டுவந்து விட்டாங்கன்னு சொன்னீங்களே. மத்ததுக கொத்தும். கொஞ்ச நாள் தனியா வெச்சிருந்திருக்கணும். நானாவது சொல்லியிருக்கணும். மஞ்சள் வைக்கிறேன்."

"கழுத்து?"

"எந்தக் கழுத்து?"

மடைச்சாமி குப்பை கிளறிக்கொண்டிருந்த ஒரு கோழியைக் காட்டினார். தலையிலிருந்து தோள் வரை ஓர் இறகுகூட இல்லை.

"அது மொட்டைக்கழுத்து ஜாதி சாமி. அது பிறக்கும்போதே அப்படித்தான். அதோட ஆத்தாளும் அப்படித்தான் இருந்திருக்கும்." சங்கையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்தக் கிழட்டுக் கோழியைப் பாருங்க, அடிவயித்துல அரிப்பு. செள்ளுப் பூச்சி. மடைத் தண்ணி கசிஞ்சு புழுதியெல்லாம் சேறாயிடுச்சு. புரண்டு குளிக்க இடமில்ல. அடுப்புச் சாம்பலை ஒரு மூலையில கொட்டினா அதுவே பார்த்துக்கும். நான் நாளைக்குக் கொண்டாறேன்."

"அப்ப காளிக்கு இதுக மேல கோபம் இல்லை."

"காளிக்கு வேற வேலை இல்லையா சாமி."

"உங்க சேவல் மேல?"

சங்கையாவின் முகத்திலிருந்து உற்சாகம் போய்விட்டது.

"அது நேர்ந்தது," என்றார்.

மடைச்சாமி கைகளைத் தட்டித் தூசியை உதறினார்.

"அதை நீங்க தூக்கிப் பார்த்தீங்களா?"

"நேர்ந்ததைத் தூக்கித் தடவக் கூடாது."

"யார் சொன்னா?"

"சொல்லுவாங்க."

"தீனி வைக்கிறீங்க?"

"பஞ்சாரத்தை லேசா தூக்கித் தட்டை உள்ள தள்ளுவேன். அதோட கண்ணைப் பார்க்க மாட்டேன்."

"விழுந்த இறகைத் தொடலாமா?"

சங்கையா இதை யோசித்ததில்லை. விழுந்தது சேவலைச் சேர்ந்ததா, தரையைச் சேர்ந்ததா என்று குழம்பினார்.

"தொடலாம்னு நினைக்கிறேன்," என்றார்.

"நாளைக்குக் கொண்டு வாங்க. இப்ப போய் உட்காருங்க."

சங்கையா மருத மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்.

மகள் வந்த புதிதில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மனசு அடங்க ஒரு வழி சொல்லச் சொல்லி மடைச்சாமியிடம் வந்தார். வழி எதுவும் சொல்லாமல் மடைச்சாமி ஒரு வேலை கொடுத்தார். காலையில் வந்து கோழிகளுக்குத் தீனி போட வேண்டும். பிறகு மருத மரத்தடியில் தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டும். மரத்தின் நிழல் மடைக்கல்லைத் தொட்டதும் வீட்டுக்குப் போகலாம். அதற்கு முன் எழக் கூடாது.

முதல் நாட்களில் அது பெரிய தண்டனையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது சில சமயம் கொக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டு வேறு எதையும் நினைக்காமல் இருக்கக்கூட முடிந்தது. இதைப் பற்றி டீக்கடையில் அடக்கமாக ஒருமுறை சொல்லியும் இருக்கிறார்.

அன்றைக்கு அவரால் கொக்கைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் சங்கையா கொல்லையில் குனிந்து இறகு பொறுக்கினார். துண்டை விரித்து ஒவ்வொன்றாக அதில் போட்டார்.

பின்வாசலில் அன்னமயில் வந்து நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா பொறுக்குறீங்க?"

"உள்ள போ தாயி. படி வழுக்கும்."

"காய்ஞ்சுதான்ப்பா கிடக்கு."

"வழுக்கும்."

அவள் உள்ளே போகவில்லை.

"காது குடையவா?"

"சாமி கேட்டுச்சு."

"சாமிக்கு எதுக்கு இறகு?"

"தெரியல. கேட்டுச்சு, கொண்டு போறேன்."

சங்கையா பஞ்சாரத்தின் ஓரமாகக் கிடந்த ஒரு நீண்ட இறகை எடுத்தார். கரும்பச்சையில் மினுக்கும் வாலிறகு. நடுவில் மடங்கியிருந்தது.

"வாலுமா எடுக்குறீங்க?" என்றாள் அன்னமயில்.

"எல்லாத்தையும்தான்."

"அது ஒண்ணு ரெண்டுதானேப்பா. அதைப் போய்க் காட்டணுமா?"

"உனக்கு ஏன் இந்தக் கவலை? வேளாவேளைக்குச் சாப்பிடு. கால் வீங்கியிருக்கு, தூக்கி வெச்சுப் படு."

"படுத்துப் படுத்துத்தான் வீங்கியிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கை நிறைய வளைகாப்பு வளையல். நடக்கும்போது சத்தம் கேட்டது.

சங்கையா பஞ்சாரத்தைப் பார்க்காமல் அதை நோக்கிக் கும்பிட்டார்.

மறுநாள் துண்டு முடிச்சை மடைச்சாமியின் முன் அவிழ்த்தார். மடைச்சாமி இறகுகளைத் தொடவில்லை.

"பிரிங்க," என்றார்.

"எப்படிப் பிரிக்கிறது?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

சங்கையா முதலில் நிறம் பார்த்துப் பிரித்தார். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். திருப்தியாக இல்லை. எல்லாவற்றையும் மறுபடி கலந்தார். பிறகு நீளம் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. ஒரு கழுத்திறகை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அடிக்குச்சியைக் கட்டைவிரலால் தடவினார்.

அப்படியே நின்றார்.

"என்னண்ணே?"

"இது முழுசா இருக்கு சாமி. அடியில காய்ஞ்சு, சுத்தமா இருக்கு. ரத்தம் இல்ல, கிழிசல் இல்ல." இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. "இதுவும். இதுவும்தான். இதெல்லாம் தானா விழுந்தது."

"தானா விழுமா?"

"உதிர்க்கிறதுதான். வருசத்துக்கு ஒரு தடவை எல்லாக் கோழியும் உதிர்க்கும். கழுத்துல ஆரம்பிக்கும். பழசு போனாத்தானே புதுசு." அவர் பேச்சு நின்றது. "இது எனக்குத் தெரியுமே சாமி. சின்ன வயசுல இருந்து கோழியோட கிடந்தவன். எனக்கு இது தெரியுமே."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மடைச்சாமியின் முன் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதுகிலிருந்து ஒரு சுமை செங்கல்லை யாரோ இறக்கிவிட்டது போல இருந்தது.

மடைச்சாமி காத்திருந்தார்.

"மிச்சம்?" என்றார்.

மிச்சம் துண்டிலேயே கிடந்தது. நான்கைந்து வாலிறகுகள். சங்கையா ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது உதிர்ந்தது இல்ல. ஒடிஞ்சிருக்கு."

"பஞ்சாரத்துல உரசியிருக்கும்."

"உரசினா நுனி நார்நாராப் போகும். இது நடுவுல மடங்கியிருக்கு. எல்லாமே ஒரே மாதிரி. எதையோ வெச்சு அழுத்தின மாதிரி." அவர் குரல் மாறியது. "பஞ்சாரத்தோட விளிம்பு. வால் வெளியில இருக்கும்போது கவிழ்த்தா இப்படித்தான் ஆகும்."

"யார் கவிழ்க்கிறது?"

"நான்தான். நான் அப்படிக் கவிழ்க்க மாட்டேன். குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி வைப்பேன்."

"அப்ப வேற யாரோ."

சங்கையா எழுந்தார்.

"நான் இல்லாதப்ப எவனோ வந்து தூக்குறான்," என்றார். "நான் இங்க உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து. வீட்ல ஒத்தைப் பொண்ணு. படுத்துக் கிடக்குது. பக்கத்து வீட்டுத் தவசிதான். அவன் கண்ணு ஆரம்பத்துல இருந்தே அந்தச் சேவல் மேலதான். நல்லா இருக்குண்ணே, நல்லா இருக்குண்ணேன்னு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லுவான். நல்லா இருக்குன்னு சொல்றவனை நம்பவே கூடாது."

"ஒடிச்ச ஆளைப் பார்க்கணுமா?"

"பார்க்கணும்."

"பார்த்து?"

"கையை ஒடிப்பேன்."

மடைச்சாமி தலையை ஆட்டினார். அது சரி என்றும் இருக்கலாம்.

"அப்ப இன்னைக்கு உட்கார வேண்டாம். இப்பவே போங்க," என்றார். "முன்பக்கம் போகாதீங்க. கொல்லை வழியாப் போங்க."

சங்கையா துண்டை உதறித் தோளில் போட்டார். நாலடி நடந்ததும் மடைச்சாமி கூப்பிட்டார்.

"அண்ணே."

"சொல்லுங்க சாமி."

"இருமாமப் போங்க."

சூளைத் தூசி சங்கையாவின் நெஞ்சில் தங்கிவிட்டது. தெருமுனையில் திரும்பும்போதே அவர் வருவது ஊருக்குத் தெரியும். அன்றைக்குத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு நடந்தார்.

வழியில் தவசியை என்ன கேட்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டார். முதலில் மரியாதையாகத்தான் கேட்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலியோரம் தவசி இல்லை. தவசி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.

சங்கையா முள்வேலிக்கு இந்தப் பக்கம் குனிந்து, இடைவெளி வழியாகக் கொல்லையைப் பார்த்தார்.

பஞ்சாரம் மல்லாந்து கிடந்தது. மேலே வைத்திருந்த செங்கல் சுவரோரம் இருந்தது.

சேவல் வேப்பமரத்தடியில் புழுதியில் புரண்டுகொண்டிருந்தது. ஒரு சிறகை விரித்து, மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது.

அப்போது வளையல் சத்தம் கேட்டது.

அன்னமயில் நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். வேப்பமரத்திலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து வேப்பமரத்துக்கு. அவசரமே இல்லை. மண்ணில் ஒரு தடம் விழுந்திருந்தது. ஒருநாளில் விழுந்த தடமாக அது இல்லை.

"உனக்கென்னப்பா," என்றாள் சேவலிடம். "படுத்துப் புரள்றே. நான் நடக்கணும்."

சேவல் கழுத்தை உதறியது. புழுதி பறந்தது.

"இன்னும் ரெண்டு நடை. அப்புறம் நீ உன் வீட்டுக்கு, நான் என் வீட்டுக்கு."

அவள் திரும்பினாள். முகம் வேலிப் பக்கம் வந்தது. வியர்த்திருந்தது. மகள் வந்த நாளிலிருந்து அந்த முகத்தை அவர் இப்படிப் பார்த்ததில்லை. கட்டிலில் பார்த்த முகம் வேறு.

கல் தடுக்கும் என்று கத்த நினைத்தார். கல் இல்லை. பொறுக்கி ஓரமாகக் குவித்து வைத்திருந்தாள்.

சங்கையா அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு இருமல் வந்துவிட்டது.

அன்னமயில் நடுங்கிப்போய் நின்றாள். அடுத்த நொடி பஞ்சாரத்தை எடுத்தாள். சேவலுக்கும் அந்த இருமல் தெரிந்திருந்தது. துரத்தாமலேயே ஓடிவந்து, வழக்கமான இடத்தில் வந்து நின்றது. அவள் பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்தாள்.

வால் வெளியே இருந்தது. விளிம்பு அதன்மேல் இறங்கியது.

செங்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து, முறத்திலிருந்த கீரையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

சங்கையா வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னப்பா, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள். மூச்சு வாங்கியது.

சங்கையா பஞ்சாரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்தார்.

அன்னமயிலும் அதைப் பார்த்தாள்.

"மெதுவாக் கவிழ்க்கக் கூடாதா தாயி?" என்றார்.

கீரை கிள்ளும் கை நின்றது.

"நீங்க இருமினா எப்படிப்பா மெதுவாக் கவிழ்க்கிறது?"



"தெனமுமா?"

"தெனமும்தான்."

"விழுந்துட்டா?"

"விழலையேப்பா."

"வயித்துல இருக்கிறதுக்கு..."

"நடந்தாத்தான் அது தூங்குது. படுத்தா உதைக்குது. இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க பயந்தா எனக்குப் பயமா இருக்கு. நீங்க இல்லாதப்ப எனக்குப் பயமே இல்லை." அவள் கீரையைப் பார்த்தபடி சொன்னாள். "சேவலை மட்டும் எதுக்கு அடைச்சு வைக்கணும்னு அதையும் திறந்துவிட்டேன். தனியா நடந்தாப் போரடிக்குது. வாலை நான்தான் ஒடிச்சேன்ப்பா. வேணும்னு இல்ல. காளி வாங்க மாட்டாளா?"

சங்கையா செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். பஞ்சாரத்தைத் தூக்கினார். பிறகு, நேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். சேவலை இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்தார்.

அது அவரை ஒரு கண்ணால் பார்த்தது. அவரும் பார்த்தார்.

கழுத்து இறகை விரலால் விலக்கினார். தோலில் முள்முள்ளாகக் குருத்து வந்திருந்தது. ஒவ்வொரு குருத்தின் நுனியிலும் கொஞ்சம் சிவப்பு இறகு பிரிந்திருந்தது.

"உதிர்க்கிற நேரம் இது," என்றார். "ஒடிஞ்ச இறகும் விழுந்துடும். வாலும் புதுசா வரும்."

"வந்துடுமா?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அன்னமயில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வியர்வை மட்டுமல்ல.

"ஆமா, இன்னைக்கு ஏன்ப்பா சாமி உங்களைச் சீக்கிரம் விட்டுட்டாங்க?" என்றாள். "நிழல் கல்லைத் தொடுற வரைக்கும் வெச்சுக்கறேன்னுதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சங்கையா மெதுவாக நிமிர்ந்தார்.

"யாரை வெச்சுக்கறேன்னு?"

"ஒண்ணுமில்லப்பா."

"மயிலு."

"சாமி ஒருநாள் கஞ்சி வாங்க வந்தாங்க. நீங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தீங்க. நர்சம்மா நடக்கச் சொல்லுது, அப்பா விடமாட்டேங்கிறார்னு அழுதேன். அவங்க ஒண்ணும் சொல்லல. மறுநாள் நீங்களே போய் மனசு அடங்க வழி கேட்டீங்களாம்." அவள் தயங்கினாள். "அப்புறம் மறுபடி வந்தப்ப சொன்னாங்க. அப்பாவை நான் உட்கார வெச்சுக்கறேன், நீ நடன்னாங்க."

சங்கையாவின் மடியில் சேவல் வசதியாகத் திரும்பி உட்கார்ந்தது.

மருத மரம், தண்ணீர், கொக்குகள், எழக் கூடாது என்ற கட்டளை எல்லாம் ஒரு சுற்று அவர் கண்முன் வந்து போயின. டீக்கடையில் சொன்னதும் வந்து போனது.

"நான் அதைத் தவம்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார்.

"இல்லைன்னு யாரு சொன்னா?" என்றாள் அன்னமயில்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் மறுபடி சிரிப்பானது. சேவல் பொறுக்கமுடியாமல் மடியிலிருந்து குதித்தது. நின்று உடம்பை ஒருமுறை உதறியது. ஒரு சிவப்பு இறகு விழுந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேப்பமரத்தடிக்குப் போனது.

சங்கையா பஞ்சாரத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். மகளின் மடியிலிருந்த கீரையை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"எழுந்திரு தாயி," என்றார். "பாதியில விட்டுட்டே. மிச்சத்தையும் நடந்துட்டு வா."